கல் திருட்டைப் பார்க்கும் கண், கல் சரிவதைப் பார்க்கக் கூடாதா?

சிவகங்கை மாவட்டத்தில், சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் மல்லாக்கோட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. மதுரையிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

2025-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, அங்குள்ள ஒரு கல்குவாரியில் வழக்கம் போல வேலை நடந்து கொண்டிருந்தது. தலைக்கு மேலே செங்குத்தான பாறைச் சுவர். கீழே ஆழமான பள்ளம். பள்ளத்துக்குள் தொழிலாளிகள்.

திடீரென்று மேலிருந்து பாறை சரிந்தது. ஓடுவதற்கு இடம் இல்லை. அந்த விபத்தில் 6 உயிர்கள் போயின.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நெல்லைப் பக்கத்தில் இதே கதை நடந்தது. 2022-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி இரவு, அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கிக் கொண்டார்கள். 2 பேர்தான் பிழைத்தார்கள். 4 பேர் இறந்து போனார்கள். உடல்களை எடுக்கவே நாள் கணக்கில் ஆயிற்று. ஏன் தெரியுமா? மீட்கப் போனவர்களின் தலைக்கு மேலேயும் பாறை சரிந்து கொண்டே இருந்தது!

இப்படி ஒரு விபத்து நடந்ததும் ஊரே கூடி அழுகிறது. உதவித் தொகை அறிவிக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. சில நாட்களில் எல்லாரும் மறந்து விடுகிறார்கள். "விதி முடிந்து விட்டது" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

விதி என்று சொல்லிவிட்டால் போதுமா? பாறை சரியப் போவது முன்கூட்டியே தெரிய வழியே இல்லையா?

பல சமயங்களில் வழி உண்டு. அந்த வழியைப் பற்றியும், அதை நாம் ஏன் இன்னும் பயன்படுத்தவில்லை என்பதைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

பாறை ஏன் சரிகிறது?

மதுரையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பாறைதான். ஒத்தக்கடைக்குப் போனால் யானைமலை படுத்திருக்கிறது. மேற்கே நாகமலை நீண்டு கிடக்கிறது. தெற்கே திருப்பரங்குன்றம். வடக்கே அழகர்மலை. மேலூர்ப் பக்கம் போனால் வழியெல்லாம் குன்றுகள்.

இவையெல்லாம் பல கோடி ஆண்டுகள் வயதுள்ள கெட்டியான பாறைகள். வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் தாங்கி நிற்கின்றன. "இது எங்கே சரியப் போகிறது?" என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால் கெட்டியான பாறை என்றாலும் அது ஒரே கட்டி அல்ல. உள்ளே விரிசல்கள் ஓடுகின்றன. யானைமலையைப் போன்ற மொட்டைப் பாறைகளில், வெங்காயத் தோல் உரிவதைப் போல, பாறை அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

ஒரு பலகையின் மேல் ஒரு செங்கலை வையுங்கள். பலகையை மெல்லச் சாய்த்துக் கொண்டே போங்கள். கொஞ்ச நேரம் செங்கல் அசையாது. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்ததும் சர்ரென்று வழுக்கி விடும். பலகையில் தண்ணீரும் களிமண்ணும் இருந்தால் இன்னும் சீக்கிரம் வழுக்கும்.

பாறையும் அப்படித்தான். விரிசல்தான் அந்தப் பலகை. விரிசலுக்கு மேலே இருக்கும் பாறைதான் செங்கல்.

இயற்கையான மலையில் கீழே இருக்கும் பாறை மேலே இருப்பதைத் தாங்கிப் பிடிக்கிறது. குவாரியில் என்ன செய்கிறோம்? கீழே இருப்பதை வெட்டி எடுத்து விடுகிறோம். முட்டுக் கொடுத்த கட்டையை உருவி விட்டால் பந்தல் என்ன ஆகும்?

போதாததற்கு வெடி வைக்கிறோம். வெடி, நாம் எடுக்க நினைத்த கல்லை மட்டும் உடைப்பதில்லை. பின்னால் நிற்கும் சுவரிலும் விரிசலைப் பெரிதாக்கி விடுகிறது. அந்த விரிசலில் மழைத் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே நிறைந்த தண்ணீர் பாறையை வெளியே தள்ளுகிறது.

இதனால்தான் பள்ளத்தைச் செங்குத்தாகத் தோண்டக் கூடாது, படிக்கட்டுப் போல வெட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1961-ம் ஆண்டு வந்த சுரங்க விதிகளே இதைச் சொல்லி விட்டன. கெட்டியான தரையிலும் ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. அதாவது, சுமார் இரண்டு மாடி வீட்டின் உயரம். மேலே இருந்து ஒரு கல் உருண்டாலும் அடுத்த படியில் தங்கி விடும். அடியில் நிற்பவன் பிழைத்துக் கொள்வான்.

படி வெட்டினால் கல் குறைவாகக் கிடைக்கும். இடமும் அதிகம் வேண்டும். அதனால் பல இடங்களில் படியை விட்டு விட்டு நேராகக் கீழே இறங்குகிறார்கள். இந்தக் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொடாமலே அறியும் வித்தை

சமையலறையில் உலை வைத்திருக்கிறார்கள். அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுக்கிறாள். "உலை கொதிக்கிறது, அரிசியைப் போடு" என்று அங்கிருந்தே சொல்கிறாள். எப்படித் தெரிந்தது? சத்தத்தை வைத்துச் சொன்னாள்.

ஒரு பொருளைத் தொடாமல், பக்கத்தில் போகாமல், அதிலிருந்து வரும் ஒளியையோ அலையையோ வைத்து அதன் நிலைமையை அறிந்து கொள்வதற்குத் தொலையுணர்வு என்று பெயர். அம்மா செய்ததைத்தான் விஞ்ஞானிகள் பெரிய அளவில் செய்கிறார்கள்.

பாறைச் சுவரைப் பார்ப்பதற்கு மூன்று கண்கள் இருக்கின்றன.

முதல் கண், காமிரா. சின்ன ட்ரோன் ஒன்று குவாரிக்கு மேலே பறந்து, பல பக்கங்களிலிருந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. நமக்கு இரண்டு கண் இருப்பதால்தான் எது கிட்டே, எது எட்டே என்று தெரிகிறது. அதைப் போலவே, பல படங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் அந்தப் பள்ளத்தை அச்சு அசலாக உருவாக்கிக் காட்டி விடும். சுவர் எவ்வளவு உயரம், எவ்வளவு செங்குத்து, எந்த விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்கலாம். கயிறு கட்டி யாரும் தொங்க வேண்டியதில்லை!

இரண்டாவது கண், லேசர் ஒளி. கருவியிலிருந்து லேசர் ஒளி புறப்படுகிறது. பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. போய் வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை இப்படி அளக்கலாம்.

மூன்றாவது கண், ரேடார். இதுதான் அதிசயமான கண். இருட்டிலும் தெரியும். மேகம் மறைத்தாலும் தெரியும்.

மில்லிமீட்டர் கணக்கு!

மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் எதிரொலி வருகிறது அல்லவா? ரேடாரும் அப்படித்தான். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள் ரேடியோ அலையைக் கீழே அனுப்புகிறது. அது பாறையில் பட்டுத் திரும்பி மேலே போகிறது.

சில நாள் கழித்து அதே செயற்கைக் கோள் அதே பாதையில் வருகிறது. மறுபடியும் அலையை அனுப்புகிறது. முதல் தடவை வந்த அலையையும், இரண்டாம் தடவை வந்த அலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அலை என்றால் மேடும் பள்ளமும் உண்டு. இரண்டு அலையின் மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று பொருந்தினால், தரை அசையவில்லை. பொருந்தாமல் விலகி நின்றால், தரை நகர்ந்திருக்கிறது. எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லி விடலாம்.

ஐரோப்பியர்கள் 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அனுப்பிய சென்டினல்-1 என்ற செயற்கைக் கோளின் அலை நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். நம் கட்டை விரல் அளவு. அந்த அலையைக் கொண்டு, பல தடவை எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தால், மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் நகர்வைக் கூடக் கண்டுபிடிக்கிறார்கள். பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து!

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து கட்டிய நிசார் செயற்கைக் கோள் 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அதில் இருக்கும் வலைக் குடையின் குறுக்களவு 12 மீட்டர். 12 நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்துக்கு மேலே வந்து பார்க்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

அடர்ந்த காட்டில் இலைகள் ஆடுவதால் சில ரேடார் அலைகளுக்குக் குழப்பம் வரும். மொட்டைப் பாறையில் அந்தத் தொல்லை இல்லை. எதிரொலி தெளிவாக வரும். அந்த வகையில் மதுரை வட்டாரம் ரேடாருக்கு ஏற்ற பூமி!

சொன்னதும் கேட்டார்கள்

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவுமா?" என்று நீங்கள் கேட்கலாம். உதவிய இடங்களைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பிங்காம் கேன்யன் என்ற பெரிய செம்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே சுவருக்கு எதிரே தரையிலேயே ரேடாரை நிறுத்தி இரவு பகலாகக் கண்காணித்தார்கள். ஒரு பக்கத்துச் சுவர் மெல்ல நகர்வது பல வாரங்களுக்கு முன்பே தெரிந்தது. நாளாக நாளாக வேகம் கூடியது. 2013-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ந் தேதி, "இன்று விழும்" என்று கணித்து எல்லாரையும் வெளியேற்றி விட்டார்கள். அன்று இரவே விழுந்தது. விழுந்தது கொஞ்ச நஞ்சம் அல்ல. 10 கோடி டன்னுக்கு மேல்! ஆனால் ஒருவருக்கும் சிறு காயம் கூட இல்லை.

சுவிட்சர்லாந்து நாட்டில் பிளாட்டன் என்று ஒரு மலைக் கிராமம். மேலே பாறை சரிந்து பனிப்பாறையின் மேல் விழுந்து கொண்டிருந்ததைக் கருவிகள் காட்டின. 2025-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, சுமார் 300 பேரை ஆடு மாடுகளோடு வெளியேற்றினார்கள். 28-ந் தேதி மலை இறங்கி வந்து கிராமத்தின் பெரும் பகுதியை மூடி விட்டது. ஒருவர் மட்டும் இறந்தார். வெளியேறாமல் இருந்திருந்தால் ஊரில் யார் மிஞ்சியிருப்பார்கள்?

மல்லாக்கோட்டை விபத்துக்கும் பிளாட்டன் சரிவுக்கும் இடையே 8 நாள்தான். ஒரே மாதம், இரண்டு நாடுகள். ஓர் ஊர் புதைந்தும் ஜனங்கள் பிழைத்தார்கள். நம் பக்கத்தில் ஒரு சுவர் சரிந்ததில் 6 பேர் போனார்கள். இந்த வித்தியாசம் நெஞ்சைச் சுடவில்லையா?

இந்தியாவுக்கு இது தெரியாத வித்தை அல்ல. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் 2023-ம் ஆண்டு நிலச்சரிவுப் படப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. 1998 முதல் 2022 வரை நடந்த சுமார் 80,000 நிலச்சரிவுகள் அதில் இருக்கின்றன. நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்புச் சொல்லும் ஏற்பாட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கியிருக்கிறது. பெரிய நிலக்கரிச் சுரங்கங்கள் சிலவற்றில் சுவரைக் கண்காணிக்கும் ரேடார் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் படப் புத்தகம் இமயமலையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் பற்றியது. சமவெளியில் மனிதன் தோண்டிய பள்ளத்தின் சுவருக்கு அதில் இடம் இல்லை. அந்தச் சுவரின் அடியில் நின்று ஜல்லிக்குக் கல் உடைக்கிறானே, அவனுக்கும் இடம் இல்லை.

கல்லைக் காக்கும் கண்

இன்னொரு விஷயம் கேளுங்கள். சுரங்கங்களை ஆகாயத்திலிருந்து பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் ஏற்கனவே இருக்கிறது!

2016-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மத்திய அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குத்தகை எல்லைக்கு வெளியே 500 மீட்டர் வரை செயற்கைக் கோள் படத்தைப் பார்த்து, யாராவது களவாகத் தோண்டுகிறார்களா என்று கண்டுபிடிக்கும் திட்டம் அது. 2021-ம் ஆண்டு விதியைத் திருத்தினார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டன்னோ அதற்கு மேலோ தோண்டத் திட்டமிடும் பெருங்கனிமச் சுரங்கங்களும், 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ளவைகளும் ட்ரோன் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மற்றவை செயற்கைக் கோள் படம் கொடுக்க வேண்டும்.

எதற்காக? எவ்வளவு தோண்டினார்கள், எல்லை தாண்டினார்களா என்று பார்க்க.

இது நல்ல காரியம்தான். இதன் அருமை மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2012-ம் ஆண்டு மதுரைக் கலெக்டராக இருந்த சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசாங்கத்துக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று அறிக்கை அனுப்பியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேலூர்ப் பக்கம் குன்றுகள் இருந்த இடத்தில் பள்ளங்கள் கிடக்கின்றன.

கல் போனால் அரசாங்கத்துக்கு நஷ்டம். உயிர் போனால் யாருக்கு நஷ்டம்? அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தானா?

ட்ரோன் எடுக்கும் அதே படத்தில் சுவரின் உயரமும் தெரியும். சரிவும் தெரியும். படி வெட்டியிருக்கிறார்களா, இல்லையா என்பதும் தெரியும். புதிதாக ஒன்றும் பறக்க வேண்டியதில்லை. கல்லின் கணக்கைப் பார்க்கிறவர் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

பின் ஏன் பார்ப்பதில்லை? பொறுப்பு இரண்டாகப் பிரிந்து கிடப்பது ஒரு முக்கியக் காரணம். சாதாரணக் கல்லுக்கு உரிமம் கொடுப்பதும் பணம் வசூலிப்பதும் மாநில அரசாங்கம். தொழிலாளியின் பாதுகாப்பைப் பார்ப்பது, தன்பாத்தில் தலைமை அலுவலகம் கொண்ட மத்திய சுரங்கப் பாதுகாப்புத் துறை. அளவும் படமும் ஒரு கையில். பாதுகாப்பு இன்னொரு கையில். இரண்டு கையும் சேர்ந்தால்தானே ஓசை?

இதற்கும் எல்லை உண்டு

விஞ்ஞானம் வந்து விட்டால் எல்லாம் சரியாகி விடும் என்று சொல்ல வரவில்லை. இந்தக் கண்ணுக்கும் எட்டாத இடங்கள் உண்டு.

செயற்கைக் கோள் சாய்வாகப் பார்க்கிறது. செங்குத்தான சுவரின் ஒரு பக்கம் அதற்கு மறைந்து போகும். 12 நாளுக்கு ஒரு தடவை வருவதால், நடுவில் நடப்பது அதற்குத் தெரியாது. கெட்டியான பாறையில் ஒரு சிறு துண்டு கழன்று விழுவதற்கு முன் எந்த அறிகுறியும் இல்லாமலே போகலாம்.

அதனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எந்தக் குவாரி ஆபத்தானது என்று வட்டாரம் முழுவதையும் சலித்துக் காட்ட செயற்கைக் கோள். அந்தக் குவாரியைக் கிட்டே போய்ப் பார்க்க ட்ரோன். ஆபத்து உறுதியானால் தரை ரேடார். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் அங்கே நிற்கும் மனிதனின் கண்.

பார்த்ததை உடனே சொல்வதும் முக்கியம். 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி வயநாட்டில் மலை சரிந்தது. மறுநாளே செயற்கைக் கோள் படம் எடுத்தது. சேறும் பாறையும் சுமார் 8 கிலோமீட்டர் ஓடியிருப்பதை அது காட்டியது. அதற்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டு போயிருந்தார்கள். மீட்புக்கு அந்தப் படம் உதவும். மாண்டவர் திரும்புவார்களா? நடந்த பிறகு எடுக்கும் படம் பிரேத பரிசோதனை மாதிரி. நடப்பதற்கு முன் எடுக்கும் படம்தான் வைத்தியம்.

பணத்துக்கு எங்கே போவது?

"சின்னக் குவாரிக்காரர் இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

தரை ரேடார் விலை அதிகம். ஒவ்வொரு குவாரியும் ஒன்று வாங்க முடியாது. ஆனால் ட்ரோன் அப்படி அல்ல. குவாரியில் நிற்கும் ஒரு ஹிட்டாச்சி இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. சென்டினல் படங்களோ இலவசம்! யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். நிசார் தகவல்களையும் இலவசமாகத் தருவதுதான் ஏற்பாடு.

படத்தைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டுமே? சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் தொலையுணர்வைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். இந்த வேலையை அவர்களுக்குக் கொடுத்தால் என்ன?

சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களுக்கென்று மாவட்ட கனிம அறக்கட்டளை என்ற நிதியை 2015-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. ரோடு போடலாம், கட்டடம் கட்டலாம். அதில் ஒரு பங்கை எடுத்து, மாவட்டத்துக்கு ஒரு ட்ரோன் குழுவும், பல மாவட்டங்களுக்குப் பொதுவாக ஒரு தரை ரேடாரும் வைத்தால், எந்தத் தனி மனிதரின் பையும் காலியாகாது.

காசே இல்லாத வழியும் இருக்கிறது. சுவரின் மேல் விளிம்பில் விரிசல் தெரிகிறதா? அதன் இரண்டு பக்கமும் ஓர் ஆணி அடியுங்கள். தினமும் காலையில் நாடா வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் விரிசலின் குறுக்கே கொஞ்சம் சிமென்ட் பூசி வையுங்கள். சிமென்ட் வெடித்தால், பாறை நகர்கிறது என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மேஸ்திரி இருந்தால் போதும்.

மலையடி வீடுகள்

இது குவாரித் தொழிலாளிகளோடு மட்டும் நிற்கும் விஷயம் அல்ல.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந் தேதி, புயல் மழையில் திருவண்ணாமலை மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளே அதிகம்.

மதுரையைச் சுற்றியும் மலையடியில் வீடுகள் இருக்கின்றன. நம் குன்றுகள் உறுதியானவைதான். யாரும் பயந்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சரிவில் தனிப் பாறை உட்கார்ந்திருக்கிறது, மழை நீர் எந்த வழியாக இறங்குகிறது, அந்த வழியில் எந்த வீடு இருக்கிறது என்று ஒரு படம் போட்டு வைப்பதில் தப்பில்லையே! ட்ரோன் சில நாட்களில் செய்து விடக் கூடிய வேலை அது.

கைவிட்ட குவாரிகளும் இருக்கின்றன. அவற்றில் மழைத் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. பையன்கள் குளிக்கப் போகிறார்கள். தண்ணீருக்கு மேலே நிற்கும் சுவரை யாரும் அளப்பதில்லை. குத்தகை முடிந்து விட்டது, ஆபத்து முடியவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

நாம் கேட்பது ஐந்து காரியங்கள்.

ஒன்று: ஆழமான ஒவ்வொரு குவாரியையும் ஆண்டுக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்பும் பின்பும், ட்ரோனால் அளக்க வேண்டும். சின்னக் குவாரி என்று விட்டு விடக் கூடாது. பாறைக்குச் சின்ன முதலாளி, பெரிய முதலாளி தெரியாது.

இரண்டு: கல்லின் அளவை மட்டும் எழுதாமல், சுவரின் உயரம், படியின் உயரம், சரிவு ஆகியவற்றையும் அந்த அறிக்கையில் எழுத வேண்டும். மாநில அதிகாரி எடுத்த படம் மத்தியப் பாதுகாப்பு அதிகாரிக்கு உடனே போய்ச் சேர வேண்டும்.

மூன்று: நிசாரும் சென்டினலும் தரும் படங்களைக் கொண்டு மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், விருதுநகர், நெல்லை மாவட்டக் குவாரிகளைத் தொடர்ந்து கவனிக்க ஒரு பல்கலைக்கழகத்திடம் பொறுப்புக் கொடுக்க வேண்டும்.

நான்கு: அளந்து கண்டதைக் குவாரி வாசலில் எழுதி வைக்க வேண்டும். தமிழில் எழுத வேண்டும். வட மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு அவர்கள் மொழியிலும் எழுத வேண்டும். பச்சை என்றால் வேலை செய்யலாம், சிவப்பு என்றால் இறங்கக் கூடாது என்று வர்ணம் பூசிக் காட்டினால் எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்.

ஐந்து: சிவப்புக் கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் மேஸ்திரிக்கு இருக்க வேண்டும். அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. இது இல்லாவிட்டால் மற்ற நான்கும் வீண். பிங்காம் சுரங்கத்தில் உயிர்கள் பிழைத்ததற்கு ரேடார் பாதிக் காரணம். அது சொன்னதைக் கேட்டு வேலையை நிறுத்தினார்களே, அது மறு பாதி.

கூலி போய் விடும் என்ற பயத்தில்தான் மனிதன் விரிசலைப் பார்த்தும் பார்க்காதவன் போலப் பள்ளத்தில் இறங்குகிறான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அந்தப் பயத்தை ஆகாயத்தில் பறக்கும் எந்தக் கருவியும் போக்காது. மனிதர்கள் போட்ட சட்டம்தான் போக்கும்.

மதுரை வட்டார மக்களுக்கு மலையின் மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரிட்டாபட்டி 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப் போகிறது என்றதும் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் ஒன்றாக எழுந்து நின்றன. 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்த ஏலத்தையே மத்திய அரசாங்கம் ரத்து செய்தது.

மலைக்காகக் குரல் கொடுத்த அதே ஜனங்கள், வெட்டிய மலையின் அடியில் நிற்கும் மனிதனுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். அவன் உடைத்த கல்லில்தான் நம் வீட்டு அஸ்திவாரம் நிற்கிறது. அவன் உடைத்த ஜல்லியில்தான் நம் ரோடு ஓடுகிறது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் இல்லை. கண் இருக்கிறது. ஆகாயத்திலும் இருக்கிறது, தரையிலும் இருக்கிறது. அந்தக் கண்ணை அடுத்த மழைக்கு முன்னால் பாறைச் சுவரின் பக்கம் திருப்ப வேண்டும். அரசாங்கம் அதைச் செய்யுமா?